சிட்டி லைட்ஸ்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

போன ஞாயிறு நம் குழுவில் சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ (1931) பார்த்தோம். கண் தெரியாத பூக்காரிமேல் காதல் கொண்ட ஒரு நாடோடியின் (சாப்ளின்தான்) கதை. ஆர்வக்கோளாறில் ‘சந்தேகம் இருந்தால் கேளுங்கள்’ என்று வாயைக் கொடுத்துவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. சிலருக்கு நீளமாகவும் சிலருக்கு ஒரு வரியிலும் பதில் வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள். படத்தை இன்னும் பார்க்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசிக் காட்சியை மட்டும் துண்டு வீடியோவாகப் பார்த்துத் தொலைக்காதீர்கள்.

பேசும் படம் வந்து மூன்று வருஷம் ஆன பிறகும் ஏன் ஊமைப்படம்? பிடிவாதமா?

பிடிவாதம்தான், ஆனால் கணக்கு போட்ட பிடிவாதம். அந்த நாடோடி வாயைத் திறந்து ஆங்கிலம் பேசினால் ஆங்கிலம் பேசும் ஊர்க்காரனாகிவிடுவான். பேசாதவரை எல்லா ஊருக்கும் சொந்தம். அதற்காகச் சாப்ளின் ஒலியை ஒதுக்கிவிடவில்லை. முதல் காட்சியில் சிலை திறக்க வந்த பெரிய மனிதர்கள் பேசும்போது பீப்பீ ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறதே, அது பேசும் படங்களுக்கு அவர் காட்டிய பழிப்பு. அப்புறம் அந்த விசில் காட்சி. விருந்தில் விசிலை விழுங்கிவிட்டு விக்கும்போதெல்லாம் ஊதுகிறான், வெளியே டாக்சி வந்து நிற்கிறது, நாய்க்கூட்டம் ஓடி வருகிறது. சத்தம் இல்லாவிட்டால் அந்த நகைச்சுவையே இல்லை.

பூக்காரிக் காட்சியை 342 டேக் எடுத்தாராமே, உண்மையா?

எல்லா இடத்திலும் அந்த எண்தான் எழுதியிருக்கிறது. எண்ணை விடுங்கள், அவருக்கு இருந்த சிக்கலைப் பாருங்கள். கண் தெரியாத பெண் ஒரு பஞ்சைப் பரதேசியைப் பணக்காரன் என்று நம்ப வேண்டும். யாரும் அவளிடம் பொய் சொல்லக் கூடாது. வசனமும் கிடையாது. எப்படி நம்ப வைப்பது?

விடை ஒரு கார் கதவு. தெருவில் கார்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, நடுவே மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர். அவருக்குப் பயந்து நம்ம ஆள் நின்றுகொண்டிருக்கும் சொகுசுக் காரின் ஒரு கதவு வழியாக ஏறி மறு கதவு வழியாக நடைபாதையில் இறங்குகிறான். கதவைச் சாத்துகிறான். அவள் பூவை நீட்டுகிறாள். அவன் காசு கொடுக்கிறான். மீதிச் சில்லறை தருவதற்குள் காரின் நிஜச் சொந்தக்காரர் வந்து ஏறிப் போய்விடுகிறார். சில்லறைகூட வாங்காமல் போகிற சீமான் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். கதவுச் சத்தம் நமக்குக் கேட்பதில்லை, அவள் முகத்தைப் பார்த்துத்தான் நாம் ‘கேட்கிறோம்’. இத்தனைக்கும் முழுத் திரைக்கதையை எழுதி வைத்துக்கொண்டு படமெடுக்கிறவர் அல்ல சாப்ளின். எடுத்துப் பார்த்து, பிடிக்காமல் மறுபடி எடுத்துத்தான் கண்டுபிடிப்பார்.

அதற்கப்புறம் வருவதைப் பலர் கவனிப்பதில்லை. அவன் பூனை மாதிரி திரும்பி வந்து அவளை உருகி உருகிப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவள் பூத்தொட்டியை அலசி, தண்ணீரை நேராக அவன் முகத்தில் வீசுகிறாள். மனசு நெகிழும்போதே தலையில் ஒரு குட்டு!

கதாநாயகியை நடுவில் வேலையை விட்டு அனுப்பினாராமே?

ஆமாம். வர்ஜீனியா செரில் அதற்கு முன் நடித்தவர் அல்ல. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, அனுப்பிவிட்டார். ‘தி கோல்டு ரஷ்’ நாயகி ஜார்ஜியா ஹேலை வைத்துக் கடைசிக் காட்சியைக்கூட எடுத்துப் பார்த்தார். அதற்குள் செரிலை வைத்து எடுத்த படம் மலையாகக் குவிந்திருந்ததால் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. செரில் சம்பளத்தை இரட்டிப்பாகக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தார். கெட்டிக்காரி!

துள்ளாத மனமும் துள்ளும் இதன் காப்பியா?

இதே கேள்வி ஆறு பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஒரே தடவை சொல்கிறேன். எழில் இயக்கிய அந்த 1999 படத்துக்கு வித்து இதுதான். அதற்கும் முன்னால், 1954இல் ஜெமினி எடுத்த ‘ராஜி என் கண்மணி’ இந்தக் கதையைத் தழுவியது. டி. ஆர். ராமச்சந்திரன் நடித்தது. வித்து ஒன்று என்பதால் காப்பி ஆகிவிடாது.

(இதற்கு ஒருவர்: ‘விஜய் படம்தான் உசத்தி. அவள் பார்வை போனதற்கே அவன்தான் காரணம். அந்தக் குற்றவுணர்ச்சி சாப்ளினிடம் இல்லை.’ இன்னொருவர்: ‘கிட்னியை விற்பதெல்லாம் ஓவர்.’ பிறகு நாற்பது பதிவுகள்.)

சண்டையைப் படித்தேன். குற்றவுணர்ச்சி என்பது நல்ல புள்ளி, ஒத்துக்கொள்கிறேன். அது வந்ததும் அவன் செய்கிற தியாகம் பாதி கடன் தீர்ப்பதாகிவிடுகிறது. சாப்ளினின் ஆளுக்கு எந்தக் கடனும் இல்லை. பெரிய வித்தியாசமாக எனக்குப் படுவது வேறு. நம் படத்தில் அவள் காதலிப்பது ஒரு குரலை, ஒரு பாட்டை. நாயகி ருக்மணிக்குக் குட்டியை (விஜய்) நேரில் பிடிக்காது, பாடுகிறவனைப் பிடிக்கும், இருவரும் ஒருவர்தான் என்று தெரியாமல். பேசும் படம் என்பதால் வந்த வசதி அது, அதை எழில் அழகாகப் பயன்படுத்தினார். ஊமைப்படத்துக்கு அந்த வழி அடைப்பு. அதனால் சாப்ளின் கையைப் பிடித்தார். அவள் அவனை அறிந்ததெல்லாம் தொட்டுத்தான். எது உசத்தி என்று இதற்குமேல் என்னை இழுக்காதீர்கள். கிட்னி ஓவர்தான்.

இசை யாருடையது?

சாப்ளினுடையது. பூக்காரி வரும்போதெல்லாம் கேட்கும் மெட்டு மட்டும் ஸ்பானிய இசையமைப்பாளர் ஹோஸே பதியாவின் ‘லா வியோலெதேரா’. அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். ‘ஊமைப்படம்தானே’ என்று சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்காதீர்கள்.

ஐன்ஸ்டைன் முதல் காட்சிக்கு வந்தாராமே?

வந்தார். 1931 ஜனவரி 30, லாஸ் ஏஞ்சலஸ்.

குடித்தால் நண்பன், தெளிந்தால் ‘யார் நீ?’ என்கிற பணக்காரர் யார்?

ஹாரி மையர்ஸ். முதலில் நடித்தவர் ஹென்றி கிளைவ். குளிர்ந்த தண்ணீரில் குதிக்கத் தயங்கினார், வேலை போயிற்று.

விஜய் படம் இதிலிருந்து...

மேலே போய்ப் படியுங்கள் தம்பி.

கடைசியில் அவர்கள் சேர்ந்தார்களா இல்லையா? துண்டு வீடியோவில் புரியவில்லை.

துண்டு வீடியோ வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். இனிமேல் முழுப்படம் பார்த்தாலும் உங்களுக்குப் பாதிதான் கிடைக்கும். சரி, சொல்கிறேன்.

அவள் கண் ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்துவிட்டு ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வருகிறான். கால்சட்டை கிழிந்து துணி வெளியே தொங்குகிறது, பேப்பர் விற்கும் பையன்கள் கேலி செய்கிறார்கள். குனிந்து சாக்கடை ஓரம் கிடந்த பூவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், சொந்தப் பூக்கடையில். அப்படியே நின்று சிரிக்கிறான். கையிலிருக்கும் பூ இதழ் இதழாக உதிர்கிறது. பிச்சைக்காரன் தன்மேல் காதல் கொண்டுவிட்டான் என்று அவளுக்குச் சிரிப்பு. இரக்கப்பட்டுப் புதுப் பூவும் ஒரு காசும் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறாள். அவன் நழுவப் பார்க்கிறான். அவள் கையைப் பிடித்துக் காசை வைத்து மூடுகிறாள். அங்கே நிற்கிறது அவள் சிரிப்பு. விரல்கள் அவன் கையைத் தடவி, கோட்டைத் தொட்டு மேலே போகின்றன. ‘நீங்களா?’ அவன் தலையாட்டுகிறான். ‘இப்போது பார்க்க முடிகிறதா?’ ‘முடிகிறது, இப்போது பார்க்க முடிகிறது.’ அவன் கையை அவள் நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிறாள். அவன் முகத்தோடு படம் மறைகிறது.

சேர்ந்தார்களா என்று சாப்ளின் சொல்லவில்லை. என் வீட்டில் நான் ‘இல்லை’ கட்சி, மனைவி ‘ஆமாம்’ கட்சி.

அந்தக் காட்சியில் அவன் பூ வைத்திருக்கும் கை ஒரு ஷாட்டில் வாயருகே, அடுத்ததில் வேறு மாதிரி. எடிட்டிங் தப்புதானே?

தப்புதான். கவனித்தீர்களே, சபாஷ். நான் அந்த இடத்தில் ஒருமுறைகூடக் கையைப் பார்த்ததில்லை, யாரோ சொல்லித்தான் எனக்கும் தெரியும்.