ஒரு நாளைக்கு ஒரு ஊசியா, மூன்றா?

லண்டனிலிருந்து வந்து நிற்கும் என் தம்பிக்கு (24 வயது, 50 கிலோ) சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி தடித்து நுரையீரலை அடைக்கும் பரம்பரை நோய்). சளி கூடி வாட்டில் மறித்திருக்கிறார்கள். கிருமி கொல்லும் ஊசிகள் இரண்டு: ரொப்ராமைசின் ஒரு நாளைக்கு ஒருக்கா, மெரோபெனம் மூன்று தரம். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவருக்கு ரொப்ராமைசின் குடும்பத்து மருந்துதான், ஆனால் இவனுக்கு அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பயமாக இருக்கிறது.
— கோண்டாவில் சகோதரி

பயப்படாதீர்கள், அளவில் பிழை இல்லை. இந்த நோய் உள்ளவர்களின் உடம்பு பல மருந்துகளை மற்றவர்களைவிட வேகமாகக் கழித்துவிடும். உடம்பில் கொழுப்பும் குறைவு. அதனால் மற்றவர்களுக்கு ரொப்ராமைசின் கிலோவுக்கு 5 முதல் 7 மில்லிகிராம் என்றால், இவர்களுக்கு 10 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். தம்பிக்கு 500 வரும்.

ரொப்ராமைசின் இரத்தத்தில் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறதோ அவ்வளவுக்குக் கிருமியைக் கொல்லும். இறங்கின பிறகும் கிருமி உடனே தலைதூக்காது. அந்த நீண்ட இடைவெளிதான் சிறுநீரகத்துக்குக் கிடைக்கும் ஓய்வு. மெரோபெனம் அப்படியில்லை. அளவு கிருமியை அடக்கும் கோட்டுக்கு மேலே எத்தனை மணித்தியாலம் நிற்கிறது என்பதில்தான் அதன் வேலை. அதனால்தான் 8 மணிக்கொரு தரம் போடுகிறார்கள், சில இடங்களில் ஒவ்வொன்றையும் 3 மணித்தியாலம் மெல்ல இறக்குகிறார்கள். எங்கள் மத்தியான வெக்கையில் கரைத்த மெரோபெனம் கெதியாகச் சிதையும். முழு நாளுக்கும் காலையிலேயே கரைத்து வைக்கக்கூடாது.

கையில் ஊசிக்குழாய் இருக்கும்போதே மற்றக் கையில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். ஏன் இந்த வேதனை?
— சாவகச்சேரி வாசகர்

மருந்து போன குழாயில் அதன் மிச்சம் ஒட்டியிருக்கும். அதிலேயே இரத்தம் எடுத்தால் மருந்தின் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். அப்படி வந்த ஒரு முடிவை நம்பி, ஒரு பெடியனுக்கு மருந்தைக் குறைக்க இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மற்றக் கையில் எடுத்துப் பார்த்தபோது அளவு சரியாகவே இருந்தது. இன்னொன்று: மருந்து ஏறத் தொடங்கிய நேரம், இரத்தம் எடுத்த நேரம் இரண்டையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். நேரம் தெரியாத அளவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து விரதம் பிடிக்க மகன் ஆசைப்படுகிறான். ஊசி நடக்கும்போது பிடிக்கலாமா?
— திருநெல்வேலி அம்மா

வேண்டாம், அம்மா. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் வியர்வையோடு உப்பு மிகவும் போகும். ஆவணி வெயிலில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரொப்ராமைசின் சிறுநீரகத்தைத் தாக்கும் ஆபத்து கூடும். இளநீர் மட்டும் போதாது, அதில் சோடியம் குறைவு. உப்புப் போட்ட கஞ்சியும் ஜீவனியும் (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல்) கொடுங்கள். காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள், அதுவும் சிறுநீரகத்துக்குக் கூடாது. முருகனை மனதால் கும்பிடட்டும்.

காதில் இரைச்சல் கேட்கிறது. ஊசி முடியட்டும் என்று இருக்கிறேன்.
— பருத்தித்துறை

இருக்காதீர்கள். அடுத்த ஊசிக்கு முன் இன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள். தலைசுற்றி நடை தள்ளாடினாலும் அப்படியே. ரொப்ராமைசினால் வரும் காதுச் சேதம் பெரும்பாலும் திரும்பாது. தாய்வழியில் யாருக்காவது இந்த வகை ஊசியால் காது போயிருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

10 நாளில் சுகம். 14 நாள் ஏன்?
— மானிப்பாய்

நியாயமான கேள்வி. 2021இல் வெளிவந்த ஸ்டொப் 2 என்ற அமெரிக்க ஆய்வில், முதல் 7 முதல் 10 நாளிலேயே நன்றாகத் தேறியவர்களுக்கு 10 நாள் ஊசியின் பலன் 14 நாளின் பலனைவிடக் குறையவில்லை. மெதுவாகத் தேறியவர்களுக்கு 21 நாள் கொடுத்தும் 14 நாளைவிட மேலாகவில்லை. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையைச் செய்து டொக்டர் முடிவெடுக்கட்டும்.

காசநோய் வந்து போன நுரையீரல் எனக்கு, வயது 61. இதே பெரிய அளவு கேட்கலாமா?
— காரைநகர்

கேட்காதீர்கள், ஐயா. உங்கள் உடம்பு மருந்தை அந்த வேகத்தில் கழிக்காது. உங்கள் சிறுநீரகச் சோதனையைப் பார்த்துத்தான் அளவு போட வேண்டும்.