புள்ளி எண்ணுவதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

அண்ணே, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் மேற்படிப்பு ஆலோசனை முகாம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்தீர்கள். மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "பிளஸ் டூவுல நல்ல மார்க் சார். நர்சிங் சேரச் சொன்னா கேக்கல. வானத்தைப் படம் எடுத்து, அதுல மங்கலா தெரியற புள்ளியெல்லாம் கண்டுபிடிச்சு பட்டியல் போடுற வேலைக்குப் போறேங்கறா. புள்ளி எண்ணறதுக்கு யாரு சார் சம்பளம் கொடுப்பா?" என்று கேட்டீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் ஏதோ அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருந்ததால் இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

புள்ளி எண்ணுவது கம்ப்யூட்டர், அண்ணே. எது புள்ளி, எது புள்ளி மாதிரி என்று முடிவு செய்வதுதான் ஆளுக்கான வேலை.

தொலைநோக்கிப் படத்தில் ஒன்றுமே இல்லாத வானம்கூட முழுக் கறுப்பாக இருக்காது. காற்றுமண்டலம் லேசாக ஒளிரும், கேமராவின் மின்சுற்றும் தன் பங்குக்கு எதையாவது சேர்க்கும். படத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்திலும் அளவு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். இதற்கு இரைச்சல் என்று பெயர். வெகுதூரத்தில் இருக்கிற ஒரு விண்மீன் மண்டலம் இந்த இரைச்சலைவிட ஒரு நூல்தான் தூக்கலாகத் தெரியும்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லைக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். ஆனால் ஒரே குவியலில் இரண்டு இடத்தில் நெல் எடுத்து மீட்டரில் போட்டால் இரண்டு எண் காட்டும் என்று உங்களுக்குத் தெரியாததா? மகள் போக நினைக்கிற துறையின் தலைவலியும் அதுதான். இதற்கு மேலே இருந்தால் நிஜம், கீழே இருந்தால் இரைச்சல் என்ற கோட்டை எங்கே போடுவது?

ஒரு கணக்கு பாருங்கள். நீளத்துக்கு 4,096, அகலத்துக்கு 4,096 என்று ஒரு படம் இருந்தால் மொத்தம் 1 கோடியே 67 லட்சம் கட்டங்கள். நட்சத்திரமே இல்லாத வெறும் இரைச்சல் என்று வைத்துக்கொள்வோம். இரைச்சலின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைப் போல 3 மடங்கில் கோடு போட்டால் 22,000-க்கும் மேற்பட்ட கட்டங்கள் தற்செயலாகவே அதைத் தாண்டிவிடும். அத்தனையும் பொய். 5 மடங்கில் போட்டால் ஏறக்குறைய 5 கட்டங்கள்தான் தாண்டும். அப்படியானால் 5-லேயே போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டால், 4 மடங்கில் நிஜமாகவே இருக்கிற மங்கலான பொருட்களெல்லாம் விட்டுப்போகும். யாரும் இதுவரை பார்க்காதவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

இதற்கு வழிகள் உண்டு. நிஜமான ஒளி காற்றாலும் கண்ணாடியாலும் சிதறிப் பக்கத்துக் கட்டங்களிலும் படியும். இரைச்சல் பெரும்பாலும் ஒற்றைக் கட்டத்தில் தனியாகத் துள்ளும். ஆகவே, பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்தாற்போலத் தூக்கலாக இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள் என்று நிரலுக்குச் சொல்லலாம். 1996-இல் பெர்ட்டான், ஆர்னூ என்ற இருவர் வெளியிட்ட 'சோர்ஸ் எக்ஸ்ட்ராக்டர்' என்ற மென்பொருள் இதைச் செய்கிறது. பின்புல ஒளியைக் கழிக்கிறது, ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டைப் பிரிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இடம், பிரகாசம், பிழையளவு, சந்தேகக் குறி எல்லாம் எழுதுகிறது. வி.ஏ.ஓ. வயல் வயலாக எழுதும் அடங்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். பட்டியல் தயார், சரி. இதில் எத்தனை விட்டுப்போயிருக்கும்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? விதைநெல்லில் 100 மணியை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றிவைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பீர்கள் அல்லவா, அதே வேலைதான். பிரகாசம் தெரிந்த பொய் நட்சத்திரங்களைத் தாங்களே படத்தில் தூவி, மென்பொருளை மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். தூவிய 100-இல் 80 திரும்பக் கிடைத்தால், அந்தப் பிரகாச அளவில் பட்டியல் 80 சதவீதம் முழுமையானது என்று எழுதிவைக்கிறார்கள். தான் எவ்வளவு தவறவிட்டேன் என்பதையும் சேர்த்து எழுதாத பட்டியலை இந்தத் துறையில் நம்ப மாட்டார்கள்.

இனி சம்பளம். எம்.எஸ்சி. முடித்து, தேசியத் தகுதித் தேர்வில் ஆய்வு உதவித்தொகை பெற்று பிஎச்.டி. சேர்ந்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் அதுவரை ஐந்து வருடம் உங்கள் கைச்செலவுதான். பிஎச்.டி.க்கு இன்னும் ஐந்து வருடம். அதன்பிறகு நிரந்தர வேலை கிடைக்கும் இடங்கள், பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனம், புனேயில் ஐயூகா என்ற வானியல் மையம் மாதிரி, மிகக் குறைவு. இதை மறைத்துப் பேசுகிற ஆலோசகரிடம் போகாதீர்கள்.

ஆனால் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கு அவ்வளவாக இல்லை. இரைச்சலுக்குள்ளிருந்து நிஜத்தைப் பிரித்தெடுக்கும் கை பழகிவிட்டால் ஆய்வகத்தில் ரத்த செல் எண்ணலாம், தொழிற்சாலையில் விரிசல் கண்டுபிடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மேகம் மூடிக் கிடக்கும்போது ரேடார் செயற்கைக்கோள் படத்தில் எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்று பிரித்துச் சொல்வதும் இதே வித்தைதான். ஹைதராபாத்தில் இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் இருப்பது இந்த மாதிரி வேலைகளுக்குத்தான்.

காலமும் அவளுக்குச் சாதகம். சிலி நாட்டில் ரூபின் என்ற வானியல் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் கண்ணாடி, 3,200 மெகாபிக்சல் கேமரா, பத்து வருட வானக் கணக்கெடுப்பு. ஓர் இரவுக்குச் சுமார் 20 டெராபைட் சேருமாம். புனே பக்கத்தில் நம்முடைய ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, 45 மீட்டர் அகலத்தில் 30 தட்டுகள். அதன் தரவிலிருந்து 2017-இல் வெளியான பட்டியலிலேயே ரேடியோ அலை வீசும் பொருட்கள் 6 லட்சத்துக்கும் மேல். மகள் படிப்பை முடிக்கும்போது பார்க்க ஆளில்லாத படம்தான் குவிந்து கிடக்கும்.

வழி என்று பார்த்தால், ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுக்கு இந்த முறை விண்ணப்பிக்கவில்லை என்றீர்கள். போகட்டும். மன்னார்குடி, தஞ்சாவூர், கும்பகோணம் அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியல் இருக்கிறது, அதில் சேருங்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்றாம் வருடம் ஜாம் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. கிடைக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் முதல் வருடத்திலிருந்தே ஆங்கிலப் புத்தகத்தில் கணக்குப் போட்டுப் பழகட்டும். புள்ளியியலை (ஸ்டாடிஸ்டிக்ஸ்) விட்டுவிடக் கூடாது. நிறைய பேர் விடுவது அதைத்தான்.

யாராவது 'விண்வெளி டேட்டா சயன்ஸ்' என்று பளபளப்பான நோட்டீஸ் கொடுத்து லட்சக்கணக்கில் கேட்டால், அதற்காக நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம். ஒரு மாணவரை அப்படி ஒரு படிப்பில் நானே சேரச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கடன் இன்னும் அடையவில்லை. அதற்குப் பிறகு நோட்டீஸைப் பார்த்து யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

கல்லூரி திறப்பதற்குள் ஒரு சோதனை வைத்துப் பார்ப்போம். ஸ்லோன் வானக் கணக்கெடுப்பின் படங்கள் இணையத்தில் இலவசம். பைத்தான் என்ற நிரல்மொழி, வானியலுக்காக அதில் எழுதிய அஸ்ட்ரோபை தொகுப்பு, இரண்டும் இலவசம். ஒரு சாதாரண லேப்டாப்போ நூலகக் கம்ப்யூட்டரோ போதும். ஒரு படத்தை இறக்கி, புள்ளிகளைக் கண்டுபிடித்து, கோட்டை 3, 4, 5 என்று மாற்றிப் பட்டியல் எப்படி மாறுகிறது என்று நோட்டில் எழுதட்டும். முதல் வாரம் முழுக்கப் பிழைச் செய்திதான் வரும். பதினைந்து நாள் கழித்தும் அவள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தால் பி.எஸ்சி. விண்ணப்பத்தைப் போட்டுவிடலாம். அலுத்துப்போனால் நர்சிங்கைப் பற்றி மறுபடி பேசுவோம், அதுவும் நல்ல படிப்புதான்.

அடுத்த மாதம் முகாமுக்கு வரும்போது அவளையும் உள்ளே அழைத்து வாருங்கள். 100 பொய் நட்சத்திரம் தூவியதில் எத்தனை திரும்பக் கிடைத்தது என்று எழுதிக்கொண்டு வரட்டும். குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, மாற்றாமல் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள்.