இழுத்தால் நீளும் ஆன்டெனா அறுந்து போகாதா?

செம்புத் தகடாக இருந்தால் விரிசல் விடும். அதனால்தான் வெள்ளி நானோ கம்பிகளைப் பயன்படுத்துகிறார்கள். வைக்கோல் போர் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இந்தக் கம்பிகளின் மேல் திரவ சிலிக்கோன் ரப்பரை ஊற்றி இறுகவிட்டால், கம்பி வலை ரப்பரின் மேற்பரப்பிலேயே பதிந்துவிடும். இழுக்கும்போது கம்பிகள் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தாலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருப்பதால் மின்சாரத்துக்கு வழி அடைபடாது. அமெரிக்காவின் வடக்கு கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2014இல் இப்படித்தான் செய்து காட்டியது.

அறுந்து போவதைவிடப் பெரிய தலைவலி அலைவரிசைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் புளூடூத்துக்கு அரை அலை ஆன்டெனா (அதாவது அலைநீளத்தில் பாதி நீளமுள்ளது) சுமார் 6 செ.மீ. நீளம். அதை 10 சதவீதம் இழுத்தால் அலைவரிசை ஏறக்குறைய 2.2க்கு இறங்கிவிடும், அதாவது புளூடூத் பட்டையை விட்டே வெளியே போய்விடும். இணைப்புக்கு இது தொல்லை, ஆனால் ஆன்டெனாவை உடலில் ஒட்டி, மூட்டு எவ்வளவு வளைகிறது என்று அளக்க இதே குணம் வசதி (எனக்கு இந்தப் பயன்தான் அதிகம் பிடிக்கும்).

அப்புறம், இழுபட வேண்டாம், வெறுமனே மெல்லியதாக இருந்து வளைந்தால் போதும் என்றால் மெக்ஸீன் இருக்கிறது, மின்சாரம் கடத்தும் மிக மெல்லிய ஏடுகளாலான பொருள். அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தார் 2018இல் டைட்டானியம் கார்பைடு என்ற மெக்ஸீனை நீரில் கரைசலாக்கி, ஸ்பிரே பெயின்ட் அடிப்பது போலத் தெளித்தே ஆன்டெனா செய்துவிட்டார்கள்.