பேரிடருக்குப் பிறகு மின்சாரம், குடிநீர் போன்றவை தனியார் கைக்குப் போவது ஏன்?

புயலோ வெள்ளமோ ஓய்ந்த கையோடு, அரசு நடத்திவந்த பொதுச் சேவையைத் தனியாரிடம் ஒப்படைப்பதுதான் இது. பழுதுபார்க்க அரசிடம் பணம் இருக்காது; எதிர்த்துக் கேட்க மக்களிடம் தெம்பு இருக்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தைத் தாமிரபரணிக் கரையில் பார்த்தவர்களுக்கு இது புரியும்: கரண்ட் வந்தால் போதும், யார் கொடுத்தால் என்ன என்றிருக்கும். வைக்கோல்படப்பை வெள்ளத்தில் இழந்த சம்சாரி, கறவை மாட்டை மேலப்பாளையம் சந்தையில் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவதைப் போல. அப்போது நிதானமாகப் பேரம் பேச முடியுமா?

அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவை 2017 செப்டம்பரில் மரியா புயல் சாய்த்தது. 2018 ஜனவரியிலேயே மின்வாரியத்தை விற்கப்போவதாக ஆளுநர் அறிவித்தார். (வாரியம் புயலுக்கு முன்பே கடனில் திவாலாகியிருந்தது.) 2021 ஜூனில் மின் விநியோகம் லூமா என்ற தனியார் நிறுவனத்திடம் போனது.

கம்பமும் கம்பியுமே கைமாறிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். லூமாவுக்குப் போனது நடத்தும் பொறுப்புதான், உடைமை அரசிடமே இருந்தது.