பிளாஸ்டிக் எப்படி ஒளி தரும்? பாலிமர் ஓஎல்இடி என்றால் என்ன?

இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். மின்சாரம் பாய்ந்தால் அந்தப் படலமே ஒளிரும். இதுதான் பாலிமர் ஓஎல்இடி. ஓஎல்இடி என்பது 'ஆர்கானிக் லைட் எமிட்டிங் டயோடு' (ஒளி உமிழும் ஆர்கானிக் டயோடு) என்பதன் சுருக்கம்; பாலிமர் என்பது பிளாஸ்டிக்கில் இருக்கும் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. தடிமன் சுமார் 100 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாதே? வாளி, குடம் செய்கிற பிளாஸ்டிக் கடத்தாதுதான். ஆனால் சில பாலிமர்களின் கார்பன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அதில் எலக்ட்ரான்கள் நகர முடியும். ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான் வருகிறது. மறுமுனையிலிருந்து 'துளை', அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடம். கூட்டமான பேருந்தில் நின்றுகொண்டே வந்தவர், இருக்கை கிடைத்ததும் 'அப்பாடா' என்று பெருமூச்சு விடுவார் இல்லையா? எலக்ட்ரான் துளையில் உட்காரும்போது விடும் பெருமூச்சுதான் ஒளி.

1990-இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃப்ரெண்ட், ஜெரமி பரோஸ், டோனல் பிராட்லி குழுவினர் பிபிவி என்ற பாலிமரை இப்படி ஒளிரவைத்தார்கள். எனக்குப் பிடித்தது செய்முறைதான்: சுழலும் கண்ணாடியின் மேல் பாலிமர் கரைசலை ஊற்றினால், கரண்டி இல்லாமலே தோசை மாவு போலப் பரவிவிடும். ஈரமும் ஆக்சிஜனும்தான் எதிரிகள். அதனால் காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள்.

அப்புறம், இதன் பெயரிலுள்ள 'ஆர்கானிக்' என்பதற்கும் இயற்கை விவசாயத்துக்கும் சம்பந்தமில்லை. கார்பன் சேர்மம் என்பது மட்டுமே இங்கே பொருள்.