அலறலுக்கு எத்தனை டேக்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சின்ன பட்ஜெட் திகில் படங்களுக்கு நான் தீவிர ரசிகை. எல்லோரும் செத்த பிறகு ஒரு பெண் மட்டும் எழுந்து நின்று கொலைகாரனை வீழ்த்தும்போது உடம்பு சிலிர்க்கிறது. சினிமா ஆய்வாளர் கரோல் க்ளோவர் இவளுக்குக் ‘கடைசிப் பெண்’ என்று பெயர் வைத்து, பெண்ணியத்தின் வெற்றி என்று பாராட்டியதாக ஒரு வீடியோவில் கேட்டேன். என் தோழியோ இவையெல்லாம் அப்பட்டமான பெண் வெறுப்பு என்கிறாள். யார் சொல்வது சரி? பார்க்க வேண்டிய பத்துப் படங்களையும் சொல்லுங்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

வீடியோவில் கேட்டதை வைத்து ஒருவரை மேற்கோள் காட்டாதீர்கள். க்ளோவர் 1987-இல் எழுதிய கட்டுரையில்தான் அந்தப் பெயர் வருகிறது. அவர் அவளைக் கொண்டாடவில்லை. அரங்கில் இருக்கும் பையன்கள் கூச்சமில்லாமல் பயப்படவும், பிறகு திருப்பி அடித்து ஜெயிக்கவும் தோதாகப் பெண் உருவில் நிறுத்திய ஆள் என்றார். அவளைப் பெண்ணிய வளர்ச்சி என்று கைதட்டுவது வெறும் ஆசை என்று கடுமையாகவே எழுதியிருக்கிறார். நீங்கள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சரி, போகட்டும். உடம்பு சிலிர்த்தது என்றீர்களே, அதில் பொய்யில்லை. எனக்கும் சிலிர்க்கும். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், தோழியிடமும்தான்.

க்ளோவர் சொன்னதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. இந்தப் படங்களில் ஆண் சட்டென்று சாகிறான், பல சமயம் இருட்டிலோ திரைக்கு வெளியிலோ. பெண் சாகும்போது கேமரா கிட்டே போகிறது, நேரம் எடுத்துக்கொள்கிறது.

இதைப் படித்தபோது ஒரு டப்பிங் அறைதான் ஞாபகம் வந்தது. பல வருடம் முன்பு ஒரு சின்னத் திகில் படத்துக்கு வசனம் எழுதினேன். படம் வெளிவரவில்லை, நல்லதுதான். அலறுவதற்கென்று ஓர் அம்மா வந்திருந்தார். மைக்கில் சத்தம் விழக்கூடாதென்று வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துவைத்தார். ஒரு வாய் வெந்நீர். அப்புறம் கேட்டார்: “கத்தியப் பாத்துட்டாளா, இன்னும் பாக்கலையா?” இயக்குநர் யோசிக்கவே இல்லை. “அதெல்லாம் வேணாம்மா, கொஞ்சம் அழகா கத்துங்க.” முக்கால் மணி நேரம் அழகாகக் கத்தினார். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் அவர் தொண்டையைத் தடவிக்கொண்டது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அதே படத்தில் நான்கு ஆண்களும் சாகிறார்கள். அந்த நான்கு சாவுக்கும் சவுண்ட் இன்ஜினியரே எழுந்து போய் மைக் முன்னால் ‘ஹக்’ என்றார். ஒரே டேக்.

காசில்லாத படத்தில் ராட்சசனைக் கட்ட முடியாது, கார் வெடிக்காது. இலவசமாகக் கிடைப்பது இருட்டு. அதற்கடுத்து மலிவானது பெண்ணின் தொண்டை. 1974-இல் வந்த ‘தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்’ படத்தில் நடிகை மர்லின் பர்ன்ஸின் விரலைக் கீறும் காட்சி உண்டு. பொய் ரத்தம் வரவேண்டிய குழாய் வேலை செய்யவில்லை. விரலையே நிஜமாகக் கீறிவிட்டார்கள். அந்தப் படத்தின் கடைசிப் பெண் அவர்தான்! இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் பார்த்தால் அந்த அலறல் முன்பு போல் காதில் விழாது.

உடனே தோழி ஜெயித்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். காசு குறைவாக இருந்த இடத்தில் சில பெண்களும் உள்ளே நுழைந்தார்கள். சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த ‘ஹாலோவீன்’ (1978) படத்தின் தயாரிப்பாளர் டெப்ரா ஹில். இயக்குநர் ஜான் கார்பென்டரோடு சேர்ந்து எழுதியவரும் அவரே. அந்தப் படத்துப் பெண்பிள்ளைகள் பேசிக்கொள்வது பெரும்பாலும் அவர் எழுதியது. அதனால்தான் அவர்கள் சாவதற்கு முன்னால் கொஞ்ச நேரமாவது ஆட்களாக இருக்கிறார்கள். 1982-இன் ‘தி ஸ்லம்பர் பார்ட்டி மாசக்கர்’ ரீட்டா மே பிரவுன் எழுதி, ஏமி ஹோல்டன் ஜோன்ஸ் இயக்கியது. கொலைகாரன் கையில் இருக்கும் டிரில்லை ஒரு பெண் வெட்டி எறிகிறாள். அதன் அர்த்தத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே படத்தின் குளியல் காட்சியில் கேமரா அவசரமில்லாமல் உடம்பில் இறங்கிப் போகிறது. அந்த வெட்டும் இந்தப் பார்வையும் ஒரே படத்தில்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு நீங்களும் தோழியும் சண்டை போடுகிறீர்கள்.

பத்துப் படம் கேட்டீர்கள். பட்டியல் போட எனக்குப் பொறுமை கிடையாது. ஏற்கெனவே பார்த்த படம் ஒன்றை எடுத்து, தோழியையும் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் கடிகாரத்தோடு பாருங்கள். ஒவ்வொரு ஆண் சாகவும் எத்தனை நொடி, ஒவ்வொரு பெண் சாகவும் எத்தனை நொடி என்று குறித்து அனுப்புங்கள். மேற்கோள் வேண்டாம்.