பண்டிகைச் செலவுக்குப் பிறகு எவ்வளவு குறைத்தால் போதும்?

கேள்வி: பண்டிகையும் விடுமுறையும் சேர்ந்து வந்ததில் துணிமணி, பரிசு, பயணம், விருந்தாளிகள் என்று கைமீறிச் செலவாகிவிட்டது. கிரெடிட் கார்டில் நிற்கும் பாக்கி, நானும் கணவரும் வாங்கும் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமம். மற்ற மாதங்களில் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு மிச்சம் பிடிப்போம். வங்கியில் வைப்புத்தொகையாக ஒன்றரை மாதச் செலவுக்கான பணம் இருக்கிறது, ஆனால் அதைத் தொட மனம் வரவில்லை. அதனால் வீட்டில் எல்லாச் செலவையும் ஒரேயடியாகக் குறைக்கத் தொடங்கியிருக்கிறேன். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். கணவரோ, 'ரெண்டு மாசத்துல தானா சரியாயிடும்' என்கிறார். எதில் கை வைப்பது? எத்தனை மாதம் இப்படி இழுத்துப் பிடிப்பது?

பதில்: 'எதில் குறைப்பது' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் 'எவ்வளவு குறைத்தால் போதும்' என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கைப் போடாமலேயே சிக்கனத்தில் இறங்கிவிடுகிறார்கள். அளவு தெரியாமல் இறங்கினால் எல்லாவற்றையும் வெட்டத் தோன்றும். மூன்றாவது வாரம் வெறுத்துப்போய், வெட்டியதை எல்லாம் திரும்பச் சேர்த்துக்கொள்வோம்.

நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்தே போடலாம். உங்கள் மாத வருமானத்தை 100 பங்கு என்று கொள்ளுங்கள். வழக்கமான செலவு 90, மிச்சம் 10. கார்டு பாக்கி 100. வைப்புத்தொகை ஒன்றரை மாதச் செலவு, அதாவது 135. கார்டு வட்டி வங்கிக்கு வங்கி மாறும். கணக்குக்காக மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க சின்னதாக இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 42.6 சதவீதம். வைப்புத்தொகைக்கு ஓர் ஆண்டு முழுக்க வங்கி உங்களுக்குத் தரும் வட்டியை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதைத் தொட மனம் வரவில்லை என்பது புரிகிறது, ஆனால் இந்த இடத்தில் அந்தத் தயக்கம் உங்களுக்கு நஷ்டம்.

வைப்புத்தொகை முழுவதையும் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு மாதச் செலவுக்கான 90 பங்கு அப்படியே இருக்கட்டும். திடீர் மருத்துவச் செலவு, வேலையில் ஏதாவது சிக்கல் என்று வந்தால் அது கை கொடுக்கும். மீதி 45ஐ எடுத்துக் கார்டில் கட்டுங்கள். பாக்கி 55 ஆகிவிடும். அதன்பின் மாதம் 15 பங்கு கட்டினால் நான்காவது மாதத்தோடு கடன் தீர்ந்துவிடும். வட்டியாகப் போவது மொத்தம் 4 பங்கை ஒட்டித்தான். வைப்புத்தொகையைத் தொடாமல் அதே 15ஐக் கட்டினால் எட்டு மாதம் ஆகும், வட்டி 13 பங்கைத் தாண்டும். முன்கூட்டியே வைப்புத்தொகையை முடித்தால் வங்கி கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக அது இந்த 9 பங்கு வித்தியாசத்துக்குப் பக்கத்தில்கூட வராது. பகுதியாக எடுக்க வசதி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். இருந்தால் முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த 15ஐப் பாருங்கள். அதில் 10 பங்கு நீங்கள் ஏற்கெனவே மிச்சம் பிடிப்பதுதான். நான்கு மாதத்துக்குச் சேமிப்பு என்று தனியாக எதுவும் போடாமல் அதைக் கடனுக்குத் திருப்பிவிடுங்கள். ஆக, வீட்டுச் செலவில் புதிதாகக் குறைக்க வேண்டியது வெறும் 5 பங்கு. 90இல் செலவு செய்த குடும்பம் 85இல் நடத்த வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவுக்குக் குடும்பத்தை இறுக்கத் தேவையே இல்லை. கணவரிடமும் இந்தக் கணக்கையே காட்டுங்கள். தானாகச் சரியாகாது, ஆனால் அவர் சொன்ன இரண்டு மாதம் நான்கு மாதமாகத்தான் நீளப்போகிறது. யார் எதை வாங்கினார்கள் என்ற பேச்சை எடுக்காதீர்கள். அது ஒருபோதும் செலவைக் குறைத்ததில்லை.

கார்டைப் பற்றி இரண்டு விஷயம். ஸ்டேட்மென்ட்டில் 'கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று இருக்கும். அதை மட்டும் கட்டிவந்தால் அபராதம் வராது, கடனும் போகாது. பாக்கியில் 5 சதவீதம் கட்டச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். மாதம் 3 சதவீத வட்டியில், கார்டில் புதிதாக எதுவுமே வாங்காவிட்டால்கூட, கடன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 32 மாதம் ஆகும். இன்னொன்று இதைவிட முக்கியம், பலருக்குத் தெரியாததும்கூட. முந்தைய பாக்கியை முழுதாகக் கட்டாத வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வழக்கமான வட்டியில்லா நாட்கள் பொதுவாகக் கிடைக்காது. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். அதனால் பாக்கி தீரும்வரை அந்தக் கார்டை அலமாரியில் வைத்துவிடுங்கள். ஆன்லைன் கடைகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் அலமாரியில் வைத்ததற்கு அர்த்தமே இல்லை. 'பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தருகிறோம்' என்று வங்கியிலிருந்து அழைப்பு வரும். வட்டி உண்மையிலேயே குறைவாக இருந்தால் நல்லதுதான். நடைமுறைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று ஒரே எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்த எண்ணைச் சொல்லாமல் மழுப்பினால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

சரி, அந்த 5 பங்கு எங்கிருந்து வரும்?

முதலில் பண்டிகையின் வாலைப் பிடியுங்கள். பண்டிகை முடிந்தும் அதன் செலவு முடிவதில்லை. விடுமுறையில் 'முதல் மாதம் இலவசம்' என்று தொடங்கிய சந்தா இப்போது தானாகப் பணம் எடுத்துக்கொண்டிருக்கும். விருந்தாளிகள் இருந்தபோது அவசரத்துக்கு வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்த பழக்கம் வாரத்துக்கு இரண்டு முறையாக நிலைத்திருக்கும். கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கையும் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து, பண்டிகைக்கு முன் இல்லாமல் இப்போது இருக்கும் வரிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஓர் உட்காரலில் முடிந்துவிடும். பல வீடுகளில் 5 பங்கில் பாதி இங்கேயே கிடைத்துவிடும். இதில் யாருக்கும் வலிக்காது என்பது கூடுதல் வசதி. ஆட்டோ டெபிட்டை வங்கியில் நிறுத்துவதோடு விடாமல் சந்தாவையும் ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் சில இடங்களில் அது பாக்கியாக ஏறிக்கொண்டே இருக்கும்.

இதோடு சேர்த்து, பிரிக்காமல் கிடக்கும் பொருட்களைப் பாருங்கள். திருப்பிக் கொடுக்க நாள் இருந்தால் இன்றே கொடுங்கள். அளவு சரியில்லாத உடை, இரண்டாகிப்போன பரிசு எல்லாம் அலமாரியில் முடங்கிய பணம். சமையலறையிலும் விருந்துக்கு என்று வாங்கிக் குவித்தது மீந்திருக்கும். ஒரு வாரம் இருப்பை வைத்தே சமையலைத் திட்டமிட்டு, குறைவதை மட்டும் வாங்குங்கள்.

அடுத்தது கையிலிருந்து தினமும் கரையும் பணம்: மளிகை, காய்கறி, போக்குவரத்து, வெளியில் சாப்பிடுவது, பிள்ளைகளின் சில்லறைத் தேவைகள். இவற்றுக்கு மாதக் கணக்கு வேலை செய்யாது, வாரக் கணக்குதான் சரி. ஆனால் மாதப் பணத்தை நான்கால் வகுக்காதீர்கள். நான்கு வாரம் வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 48 வாரம்தான் வருகிறது, ஆண்டில் இருப்பதோ 52. விட்டுப்போன அந்த நான்கு வாரம்தான் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இரண்டு மூன்று நாளாகத் தலைகாட்டுகிறது. 'பட்ஜெட் போட்டும் துண்டு விழுகிறதே' என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான். ஐந்தால் வகுங்கள். நான்கு வாரத்துக்கு நான்கு பங்கு, கடைசி நாட்களுக்கும் எதிர்பாராத செலவுக்கும் ஐந்தாவது. அந்த வாரப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்து, முடிந்தால் ரொக்கமாகவே செலவழியுங்கள். இது பழங்காலத்து யோசனை போலத் தோன்றலாம். 2001இல் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேட்டபோது, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கத்தில் கட்ட வேண்டியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்குவரை கேட்டார்கள். பணம் கையை விட்டுப் போவது கண்ணில் பட்டால் கை தானாகத் தயங்குகிறது. ரொக்கம் சரிப்படாது என்றால், இந்தச் செலவுக்கென்று தனிக் கணக்கு வைத்து, அதில் வாரப் பணத்தை மட்டும் போட்டுவிடுங்கள்.

மின்சாரத்தில் எல்லோரும் முதலில் பாய்வது விளக்குகள் மேல். பிள்ளைகளைத் திட்டுவதும் அதற்குத்தான். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட். 9 வாட் எல்இடி விளக்கு அதே அரை யூனிட்டைச் செலவழிக்க 55 மணி நேரம் எரிய வேண்டும். சூடாக்குவது, குளிர வைப்பது இந்த இரண்டையும் கவனியுங்கள். விளக்குச் சண்டையை விட்டுவிடலாம்.

செல்போன், இணையம், வண்டிக் காப்பீடு போன்றவற்றில் ஒருமுறை பேசி மாற்றினால் ஒவ்வொரு மாதமும் மிச்சமாகும். தினசரிக் கட்டுப்பாட்டைவிட இது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் மன உறுதி எதுவும் தேவையில்லை. உங்கள் பயன்பாட்டுக்கு மேல் இருக்கும் திட்டத்தை ஒரு படி இறக்குங்கள்.

சிலவற்றில் கை வைக்கவே கூடாது. மருந்து, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், வீட்டுக் கடன் தவணை, வண்டியின் சர்வீஸ். இவற்றைத் தள்ளிப்போட்டால் மிச்சமாகாது, பின்னால் பெரிய பில்லாக வரும். அப்புறம், உங்கள் இருவருக்கும் சிறிய தொகை ஒன்றைக் கேள்வி கேட்காத பணமாக ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கும் தனியாக ஒன்று. இது தாராளம் இல்லை. இது இல்லாத பட்ஜெட் எதுவும் இரண்டாவது மாதத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. 'ஒரு மாதம் எதுவுமே வாங்க மாட்டோம்' என்ற சபதங்களிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. வாங்காமல் விட்டதெல்லாம் அடுத்த மாதம் மொத்தமாக வந்து சேரும்.

செலவை எழுதி வைக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் வெளியிட்ட குடும்பக் கணக்கேட்டு முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆப் எத்தனை வந்தாலும் கையால் எழுதுவதற்கு ஒரு பலன் உண்டு: எழுதும்போது இன்னொரு முறை யோசிக்கிறோம். ஆனால் வாடகை, தவணை, கல்விக் கட்டணம் என்று நிலையாகப் போவதை எல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வாரப் பணத்தை மட்டும் எழுதுங்கள். நான்கு மாதம் போதும்.

ஐந்தாவது மாதம் கடன் இருக்காது. மாதம் 15 பங்கு கையில் நிற்கும். அங்கே நிறுத்தாமல் அதே 85இல் குடும்பத்தை நடத்தினால், முதல் மூன்று மாதத்தில் வைப்புத்தொகையில் எடுத்த 45 திரும்பிவிடும். அதற்குப் பிறகு அடுத்த பண்டிகைக் காலத்துக்கு ஐந்து மாதம் இருக்கிறது, சேர்வது 75. கடன் தீர்ந்ததும் பழைய செலவுக்கே திரும்பி மாதம் 10 மட்டும் ஒதுக்கினால், வைப்புத்தொகையை நிரப்பியது போக மிஞ்சுவது 35தான். இந்த ஆண்டு கார்டில் ஏறியது 100 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும் அடுத்த முறை குறைந்தது கால்வாசி குறைத்தாக வேண்டும். எதைக் குறைப்பது என்று அடுத்த பண்டிகைக்கு முந்தைய வாரம் யோசித்தால் எதுவுமே குறையாது. எந்தப் பரிசு பிரிக்கப்படாமல் கிடக்கிறது, எந்தப் பயணம் அலுப்பு மட்டும் தந்தது, எதிர்பார்க்காத யாருக்கெல்லாம் செய்தீர்கள் என்பதெல்லாம் இப்போது உங்கள் இருவருக்கும் பளிச்சென்று தெரியும். இந்த வாரமே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, வைப்புத்தொகைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.